வெறுங்கைப் பிடி

என் மேல்வரிசைப் பல் ஒன்று ஒரு வியாழக்கிழமை மதியம் இரண்டேகால் மணிக்குப் போனது. பாடம் இரண்டரைக்கு. கால் மணி முன்னதாகவே போய்ச் சேர்வது என்னிடம் உள்ள ஒரே நல்ல பழக்கம். அதற்குக் கிடைத்த பரிசு அது.

கறி வெட்டும் தொழிற்சாலை ஒன்றில் நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவன். கப்பலில் கறி வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள்: கத்தி பிடிக்கிற ஒவ்வொருவரும் பாதுகாப்புப் பாடம் எட்டையும் ஆங்கிலத்தில் முடித்திருக்க வேண்டும். நிர்வாகம் ஆள் தேடியது. வேறு ஆள் கிடைக்காததால் நான் கிடைத்தேன். நான் பிறந்ததிலிருந்து ஒரு கோழியைக்கூட அறுத்தவன் இல்லை. ரத்தம் பார்த்தால் தலை சுற்றும். அதை நேர்முகத் தேர்வில் அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கேன்டீனின் ஒரு மூலைதான் வகுப்பறை. கீழே விலா எலும்பு பிளக்கும் ரம்பம் ஓடும்போதெல்லாம் மேசை அதிரும், நான் போர்டில் எழுதுவது நடுங்கும். என் கையெழுத்தே அப்படித்தான் என்று மாணவர்கள் பெருந்தன்மையோடு நினைத்துக்கொண்டார்கள். மாணவர்கள் பதினொரு பேர். விரல்கள் நூற்று நான்கு. வருகைப் பதிவு எடுக்கும் நேரத்தில் எண்ணியிருக்கிறேன்.

அவர்கள் ஒருவரையொருவர் வரவேற்பதே தோளில் ஒரு குத்து விட்டுத்தான். பதில் குத்து லேசாக இருந்தால், "என்னடா, ஒடம்பு சரியில்லையா?" என்று விசாரிப்பார்கள். ஸ்டூலுக்குப் போட்டி போட்டு ஒருவன் காதில் இன்னொருவன் ஏழு தையல் வாங்கிக் கொடுத்தான். மறுநாள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே பென்சிலால் 'காது' என்ற சொல்லை எழுதினார்கள். ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் நான் முழுசாக வீட்டுக்குப் போவதே ஒரு சாதனை என்று என் மனைவி சொல்வாள். வியாழக்கிழமை அந்தச் சாதனையும் முறிந்தது.

ஆனால் அந்த முரட்டுக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. வெட்டு மேடையில் எவனுக்காவது கத்தி தவறிக் கையில் இறங்கினால், பக்கத்தில் நிற்பவன் தன் கத்தியைக் கீழே போட்டுவிட்டு, வெறுங்கையால் அந்தக் காயத்தை அப்படியே கவ்விப் பிடிப்பான். பிடித்துக்கொண்டு "பிடி!" என்று கத்துவான். ரம்பம் நிற்கும், ஆட்கள் ஓடி வருவார்கள். முதலுதவிப் பெட்டி வரும்வரை கையை எடுக்க மாட்டான். 'பிடிச்சவன் சொந்தக்காரன்' என்பது அங்கே பழமொழி. மூன்று வருடம் பேசாமலிருந்த இருவர் ஒரு கட்டைவிரல் தொங்கிய அன்று சம்பந்திகள் மாதிரி ஆகிவிட்டார்கள்.

ஏழாவது பாடம் எச்.ஐ.வி. பரவும் விதமும் தடுக்கும் விதமும். கத்தியும் ரத்தமும் புழங்குகிற இடம் என்பதால் வெளிநாட்டுக்காரர்கள் கேட்டார்களாம். போர்டில் பத்துச் சொற்கள் எழுதினேன். ரத்தம், ஊசி, பகிர்தல், பரவுதல், தடுத்தல், பரிசோதனை, காண்டம், கையுறை, மாத்திரை, தொடுதல். பத்துக்கும் ஆங்கிலம்.

"சார், கொசு கடிச்சா வருமா?" என்றான் வாயாடி. தொடை பிரிக்கிறவன். அவன் வாய் மூடியிருப்பது தூங்கும்போதுகூடக் கிடையாது.

"வராது."

"ஒரே டம்ளர்ல குடிச்சா?"

"வராது."

"ஒரே கக்கூஸ்?"

"வராதுப்பா."

"எதுலயுமே வராதுன்னா அப்புறம் எதுக்கு சார் பாடம்? வாங்க, டீ குடிக்கப் போவோம்."

வரும் வழிகளைச் சொன்னேன். பாதுகாப்பில்லாத உடலுறவு, பகிர்ந்துகொண்ட ஊசி, தாயிடமிருந்து குழந்தைக்கு, ஒருவர் ரத்தம் இன்னொருவர் ரத்தத்தில் கலந்தால். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டால் வைரஸ் அடங்கிவிடும், எல்லாரையும் போல வேலை செய்யலாம், கிழவனாகியே சாகலாம் என்றும் சொன்னேன். 'காண்டம்' என்ற சொல்லுக்கு வந்தபோது பத்து ஆம்பிளைகளும் மேசையைப் பார்த்தார்கள். பேக்கிங் பிரிவு அக்கா ஒருத்திதான் நிமிர்ந்திருந்தாள்.

"எழுதுங்கடா. இங்கிலீஷ்ல சொல்லத்தான் வெக்கம், மத்ததுக்கெல்லாம் வெக்கம் கெடையாது" என்றாள்.

கையுறையில்தான் சண்டை வந்தது. 'முதலில் கையுறை போடு' என்பது அன்றைய முக்கிய வாக்கியம். முதலுதவி அறையிலிருந்து கையுறைப் பெட்டி ஒன்றை வாங்கி வந்து செய்தும் காட்டினேன். யாருடைய ரத்தமாக இருந்தாலும் முதலில் கையுறை, அப்புறம்தான் பிடி என்றேன்.

"நீங்க கிளவுஸ் மாட்டிட்டு வர்றதுக்குள்ள அவன் மேல போயிருவான் சார்" என்றான் ஒருவன்.

"பிடிக்கிறவன் கிளவுஸ் தேடுனா அவன் மனுசனா?" என்றான் இன்னொருவன்.

"யாருக்கு என்ன இருக்குன்னு நமக்குத் தெரியாதில்லையா?" என்றேன்.

"நம்ம மேடையில அந்த மாதிரி ஆளு எவன் இருக்கான்?" வாயாடி எழுந்தே விட்டான். "இருந்தா, மணிக்கட்டோட எடுத்துருவேன் சார். சத்தியமா."

எல்லாரும் சிரித்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? "அதை இங்கிலீஷ்ல சொல்லு" என்றேன். "ஐ கட் ஹிஸ் ஹேண்ட்" என்றான். "வில் சேர்த்துக்கோ" என்று திருத்தினேன். ஒரு மனிதன் கையை வெட்டுவேன் என்று சொல்கிறான், நான் அவனுக்கு எதிர்காலம் கற்றுக்கொடுக்கிறேன். வாத்தியார் வேலைக்கு நான் எவ்வளவு பொருத்தமானவன் என்பதற்கு வேறு சான்றிதழ் தேவையில்லை.

பாடத்தின் கடைசியில் கார்டு விளையாட்டு. ஆளுக்கு ஒரு கார்டு. அதில் இருக்கும் வாக்கியத்தை தானே அந்த ஆள் என்பது போலப் படிக்க வேண்டும், மற்றவர்கள் ஆங்கிலத்தில் கேள்வி கேட்க வேண்டும். 'நான் நர்ஸ்', 'நான் பரிசோதனைக்குப் போகிறேன்' என்று பல கார்டுகள். ஒன்றில் மட்டும், 'ஐ ஹேவ் எச்.ஐ.வி.' கார்டுகளை நானே என் கையால் எழுதினேன். நல்ல அட்டை கிடைக்கவில்லை. முதலுதவி அறையில் பழைய மருத்துவப் பரிசோதனைப் படிவங்கள் ஒரு கட்டுக் கிடந்தன, கெட்டியான காகிதம், பின்பக்கம் வெள்ளை. நான்காக வெட்டிக்கொண்டேன். முன்பக்கம் 'மருத்துவ அறிக்கை' என்று அச்சும், பாதி வட்டமாக நீல முத்திரையும் இருந்ததை நான் பொருட்படுத்தவில்லை. காகிதத்தை வீணாக்காதவன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த ஒரு கார்டை யாரும் தொடவில்லை. சூடான பாத்திரம் போல ஆளுக்கு ஆள் தள்ளிவிட்டார்கள்.

"எனக்குக் குடுங்க சார்" என்றான் பஞ்சு.

எலும்பிலிருந்து கறியை நோகாமல் பிரிப்பான், பஞ்சைப் பிய்ப்பது போல. அதனால் அந்தப் பெயர். குரலும் அப்படித்தான், பக்கத்தில் உட்கார்ந்தால்தான் கேட்கும். அதுவரை ஆறு பாடத்திலும் அவன் எழுந்து நின்று பேசியதே இல்லை. அன்று நின்றான். கார்டைப் பார்க்காமலே சொன்னான்.

"ஐ ஹேவ் எச்.ஐ.வி."

"கேன் ஐ ஷேக் யுவர் ஹேண்ட்?" என்று பேக்கிங் அக்கா கேட்டாள்.

"யெஸ். யூ கேன்." கையை நீட்டினான். அவள் குலுக்கினாள். அவன் உடனே விடவில்லை.

"இன்னொரு தடவ சொல்லட்டுமா சார்?" என்றான். இன்னும் இரண்டு தடவை சொன்னான். மூன்றாவது தடவை அவன் குரல் ரம்பச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது.

"அடேங்கப்பா, நடிப்புல பின்றியேடா பஞ்சு!" என்றான் வாயாடி. நானும் கை தட்டினேன். வகுப்பு முடிந்து எல்லாரும் போனபிறகு பஞ்சு தயங்கி நின்று, கார்டைத் தானே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். வைத்துக்கொள், வீட்டில் சொல்லிப் பழகு என்றேன். அவ்வளவு ஆர்வமான மாணவன் எனக்கு வாய்த்ததில் அன்றைக்குப் பெருமையாக நடந்து போனேன்.

அது செவ்வாய்க்கிழமை.

வியாழக்கிழமை நான் படியேறும்போது உடை மாற்றும் அறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஈரத் துணியைக் கல்லில் அடிப்பது போன்ற சத்தம். அந்தக் கட்டிடத்தில் நல்ல சத்தம் என்று எதுவும் கிடையாது என்பதால் முதலில் கண்டுகொள்ளவில்லை. அப்புறம் பேக்கிங் அக்காவின் குரல் கேட்டது: "போதும்டா, விடுடா, செத்துருவான்டா!"

உள்ளே பஞ்சு இரும்பு அலமாரிக்கும் பெஞ்சுக்கும் நடுவில் முட்டி போட்டிருந்தான். அவன் தலைமுடியைப் பிடித்துத் தூக்கித் தூக்கி அடித்துக்கொண்டிருந்தவன் சம்மட்டி. பஞ்சு மனைவியின் அண்ணன், ரம்ப மேடையில் வேலை. இங்கிலீஷ் படித்தால் நாக்கு மெலிந்துவிடும் என்று வகுப்புக்கு வராதவன். அவனுடைய குளிர்கோட்டு நனைந்துவிட்டது என்று பஞ்சுவின் கோட்டைப் போட்டுக்கொண்டு குளிர் அறைக்குள் போயிருக்கிறான். பையில் கைவிட்டபோது கார்டு. நான் எழுதிய அந்தக் கார்டு இப்போது தரையில் கிடந்தது. ஒரு பக்கம் மருத்துவ அறிக்கை, நீல முத்திரை. மறுபக்கம் கையெழுத்து. அதில் மூன்று எழுத்து. உலகத்தில் எந்தச் சுவரிலும் ஒட்டியிருக்கும் அந்த மூன்று எழுத்தைப் படிக்க ஒருவனுக்கு என் வகுப்பு தேவையில்லை.

"என் தங்கச்சியைத் தொட்டியாடா? இதை வச்சுக்கிட்டு அவளைத் தொட்டியா? சொல்றா!"

ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் அடி. பஞ்சு பதில் சொல்வதற்கு இடைவெளியே இல்லை. மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஒரு கண் மூடிக்கிடந்தது. வாயிலிருந்து தாடைக்குக் கோடாக ரத்தம். சுற்றிலும் முப்பது பேர் நின்றார்கள். ஒருவனும் விலக்கவில்லை. வாயாடி பெஞ்சின் மேல் ஏறி நின்று, "எத்தனை தடவ என் கத்திக்குச் சாணை பிடிச்சுக் குடுத்திருக்கான், எத்தனை தடவ!" என்று கத்தினான். எவனோ ஒருவன், "கீழ தள்ளி மிதிடா" என்றான். ஒருவன் மிதித்தான். அவன் என் வகுப்பில் முன்வரிசையில் உட்காருகிறவன்.

நான் நடுவில் போனேன். வீரம் என்று நினைக்க வேண்டாம். என் கால் கொஞ்சம் வழுக்கியதும் ஒரு காரணம். "சம்மட்டி, நிறுத்துப்பா, அது வந்து..." என்று ஆரம்பித்தேன். 'வந்து' என்பதோடு என் வாய்க்குள் அவன் கைமுட்டி வந்தது. பல் ஒன்று உள்ளே போனது. முட்டியின் தோல் பிளந்து என் பல்லில் தங்கியது. நான் அலமாரிமேல் சாய்ந்து உட்கார்ந்தேன். ஆங்கிலத்தில் சரளமாக ஏதோ முனகினேன் என்று பிற்பாடு சொன்னார்கள்.

சம்மட்டி திரும்பி பஞ்சுவைச் சட்டையோடு தூக்கிச் சுவரில் எறிந்தான்.

அந்தச் சுவரில்தான் கழுவிய கத்திகளைக் காந்தப் பலகையில் வரிசையாக ஒட்டி வைத்திருப்பார்கள். பஞ்சு விழாமல் இருக்கக் கையை உயர்த்தினான். கை பலகையில் உரசிக்கொண்டே கீழே இறங்கியது. ஏழெட்டுக் கத்திகள் கலகலவென்று தரையில் விழுந்தன. அவன் அவற்றின் நடுவில் உட்கார்ந்து தன் இடது முன்கையைப் பார்த்தான். முழங்கைக்குக் கீழே தோல் திறந்திருந்தது. ஒரு கணம் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. அப்புறம் ரத்தம் எம்பியது. விட்டு விட்டு எம்பியது.

அறை அமைதியானது. அந்த அமைதியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அந்தத் தொழிற்சாலையில் அப்படி ரத்தம் எம்பினால் அரை நொடியில் 'பிடி!' என்று குரல் கேட்கும். அன்று கேட்கவில்லை. முப்பது பேரும் ஓர் அடி பின்னால் வைத்தார்கள். ரத்தம் தரையில் ஓட ஓட, அதற்கு வழிவிட்டு இன்னோர் அடி. வட்டம் பெரிதாகிக்கொண்டே போனது. நடுவில் பஞ்சு, தன் வலது கையால் இடது கையை அழுத்திப் பார்த்தான். விரல் வழுக்கியது.

நான் உட்கார்ந்த இடத்திலிருந்து என் காலை இழுத்துக்கொண்டேன். கார்டு எழுதியவன் நான். அது விளையாட்டுக் கார்டு என்று அந்த அறையிலேயே உறுதியாகத் தெரிந்தவன் நான். இருந்தும் ரத்தம் என் செருப்புக்கு ஒரு சாண் தூரத்தில் வந்தபோது காலை இழுத்துக்கொண்டேன்.

"கார்டு என்னோடது!" என்று கத்தினேன். பல் போன இடத்தில் காற்றுப் புகுந்து வேறு என்னவோ மாதிரி ஒலித்தது. "நான் எழுதுனது! பாடம்! வெறும் பாடம்! அவனுக்கு ஒண்ணும் கெடையாது!"

என் தோள்பைக்குள் கை விட்டேன். முதலில் தட்டுப்பட்டது கையுறைப் பெட்டி. அதை ஒதுக்கினேன். மறுபடி சொல்கிறேன், ஒதுக்கினேன். அடியிலிருந்த கார்டுகளை அள்ளி வீசினேன். 'நான் நர்ஸ்', 'நான் பரிசோதனைக்குப் போகிறேன்', 'நான் வெல்டர்', எல்லாம் அதே முத்திரை, அதே படிவம், அதே நடுங்கிய கையெழுத்து, எல்லார் காலடியிலும் விழுந்தன.

வாயாடி ஒன்றைக் குனிந்து எடுத்தான். பார்த்தான்.

"ஆமாடா! அன்னிக்கு கிளாஸ்ல படிச்சது! நடிச்சான்டா அவன்! அய்யய்யோ, நாடகத்துக்காடா இந்த அடி அடிச்சோம்!"

ஒருவன் சிரித்துவிட்டான். அழுகை மாதிரி ஒரு சிரிப்பு. அடுத்த நொடி முப்பது தொண்டையும் ஒன்றாகக் கத்தின: "பிடி!"

வட்டம் உடைந்து உள்ளே பாய்ந்தது. எல்லாருக்கும் முன்னால் சம்மட்டி. "மாப்ளே, மாப்ளே, தெரியாமப் பண்ணிட்டேன் மாப்ளே" என்று முட்டி போட்டுச் சறுக்கிக்கொண்டே போனான். அவனுடைய பெரிய வலது கை விரிந்தது. கைமுட்டியில் என் பல் பிளந்த காயத்திலிருந்து ரத்தம் சொட்டியது. அந்தக் கையோடு பஞ்சுவின் காயத்தைக் கவ்வப் போனான்.

பஞ்சு கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"வேர் க்ளவ்ஸ் ஃபர்ஸ்ட்!"

அவ்வளவு சத்தமாக அவன் பேசி யாரும் கேட்டதில்லை. சம்மட்டியின் கை நடுவில் நின்றது.

"என்ன மாப்ளே? கையைக் குடுடா, ரத்தம் போகுது!"

"தொடாதீங்க மச்சான். உங்க கையில காயம்." பஞ்சு காலால் தரையை உந்திச் சுவரோடு ஒட்டினான். "கார்டுதான் சாரோடது. வியாதி என்னோடது."

நீட்டிய கைகள் அப்படியே அந்தரத்தில் நின்றன. அரை நிமிடத்துக்கு முன்னால் அவன் தப்பித்துவிட்டான். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். காயத்தைக் கட்டியிருப்பார்கள், தோளில் தூக்கியிருப்பார்கள், பாவப்பட்டு ஆளுக்கொரு டீ வாங்கிக் கொடுத்திருப்பார்கள். அடித்துப் பாதி கொன்றவனுக்கு ஒரு கீறல் வழியே எதுவும் போய்விடக் கூடாது என்று அவன் கிடைத்த விடுதலையை எடுத்துத் தரையில் போட்டான்.

"தங்கச்சிக்கு?" என்றான் சம்மட்டி.

"இல்ல. ரெண்டு தடவ டெஸ்ட் பண்ணியாச்சு. அவளுக்கு ஒண்ணுமில்ல. அவளுக்குத் தெரியும். அவதான் தெனமும் மாத்திரை எடுத்துக் குடுக்குறா. ஆரம்பிச்சு ரெண்டு மாசந்தான் ஆச்சு."

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

பஞ்சு திறந்திருந்த ஒரு கண்ணால் அறையைச் சுற்றிப் பார்த்தான். கத்திகளை, அலமாரியில் பதிந்திருந்த தன் ரத்தத்தை, என் வாயை.

"சொன்னா இப்படி ஆகும்னுதான்."

"எப்படிடா வந்துச்சு ஒனக்கு?" என்று வட்டத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"வந்த கதையை அப்புறம் கேளுடா நாயே, போறது உசுரு!" பேக்கிங் அக்கா ஏற்கனவே ஆம்புலன்ஸுக்குப் பேசி முடித்திருந்தாள். போனை இடுப்பில் செருகிக்கொண்டு என்னிடம் வந்தாள். "சார், அந்தப் பெட்டி எங்க? அன்னிக்கு மாட்டிக் காட்டுனீங்களே?"

அப்போதுதான் ஒதுக்கியதை எடுத்தேன். என் கையில் மாட்டினேன். வகுப்பில் பத்து நொடியில் மாட்டியவன், இப்போது ஒரே ஓட்டையில் இரண்டு விரலை விட்டேன். எப்படியோ போய்ப் பஞ்சுவின் கையைப் பிடித்தேன். ரப்பரைத் தாண்டி அந்தச் சூடும் துடிப்பும் தெரிந்தன. கண் இருட்டியது. விழாமல் இருக்க அவன் தோளிலேயே சாய்ந்தேன். காப்பாற்ற வந்தவன் காயம்பட்டவன்மேல் படுத்துக்கிடந்தேன்.

"சார், அழுத்துங்க" என்றான் பஞ்சு, மெதுவாக. மாணவன் எனக்குப் பாடம் நடத்தினான்.

"தள்ளு வாத்தியாரே!"

சம்மட்டிதான். மூலைக் குழாயைத் திறந்து, சோப்பைப் போட்டு, முழங்கைவரை தேய்த்துக் கழுவிவிட்டு வந்திருந்தான். ஒரு கையுறை அவன் கைக்குப் பற்றாமல் கிழிந்தது. வீசினான். இன்னொன்று, அதற்குமேல் இன்னொன்று. பல்லால் கடித்து இழுத்து மாட்டினான். என்னை ஒரு மூட்டையைப் போல ஒதுக்கிவிட்டு, ஒரு துண்டை மடித்துக் காயத்தின்மேல் வைத்து, இரண்டு கையாலும் அழுத்தினான். எலும்பு பிளக்கிற கை. பஞ்சு அலறினான்.

"கத்து. நல்லாக் கத்து. கத்துனாத்தான் உசுரோட இருக்கேன்னு தெரியும்."

"வலிக்குது மச்சான்."

"வலிக்கட்டும். பொய் சொன்னதுக்கு." கையைப் பஞ்சுவின் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தான். ரத்தம் துண்டில் ஊறியது. மேலே இன்னொரு துண்டு வைத்தான். "ஏன்டா, என் தங்கச்சி நாலு மாசமா அழுதுக்கிட்டே இருக்கா. கேட்டா வெங்காயம்னா. ஒங்க வீட்டுல அவ்வளவு வெங்காயம் ஏதுடான்னு எனக்கு ஒறைக்கலையே."

பஞ்சுவின் கண் செருகியது. சம்மட்டி ஒரு முழங்காலால் காயக்கையைத் தாங்கிக்கொண்டு, அவன் கன்னத்தில் ஓர் அறை விட்டான்.

"கண்ணைத் தொற! செத்தேன்னு வை, கொன்னுபுடுவேன்டா ஒன்னை! கண்ணைத் தொறடா!"

தொடர்ந்து அறைந்தான். ஒவ்வொரு அறைக்கும் அழுதான். அதுவரை சுற்றி நின்றவர்களில் பாதிப்பேர் போய்விட்டிருந்தார்கள். சிலர் குழாயடியில் வரிசையாக நின்று ஒன்றையும் தொடாத கைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். முன்வரிசைக்காரன் தன் மிதித்த செருப்பைக் கழற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வெறுங்காலோடு நின்றான். வாயாடி மட்டும் கையுறை மாட்டிக்கொண்டு தரையில் கிடந்த கத்திகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். முதல்முறையாக அவன் வாய் மூடியிருந்தது.

"சம்மட்டி" என்றேன். "உன் கைக்காயத்துல அவன் ரத்தம் பட்டிருக்கலாம். நீயும் ஆஸ்பத்திரியில சொல்லி மாத்திரை வாங்கணும். மூணு நாளைக்குள்ள ஆரம்பிக்கணும், சீக்கிரமா ஆரம்பிச்சா ரொம்ப நல்லது. அதுவும் பாடத்துல இருக்கு."

"உங்க பாடத்துல தீ வைக்க" என்றான். கொஞ்சம் கழித்து, "எத்தனை நாளைக்கு மாத்திரை?" என்று கேட்டான்.

"ஒரு மாசம்."

"இவனுக்கு?"

"வாழ்நாள் பூரா."

அவன் துண்டை இன்னும் அழுத்தினான்.

ஆம்புலன்ஸ் வந்தது. இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு மேலே வந்தார்கள். மூத்தவர் காயத்தைப் பார்த்தார், சம்மட்டியின் கையைப் பார்த்தார். "நல்லாப் பிடிச்சிருக்கீங்க. விட்றாதீங்க, அப்படியே கூட நடந்து வாங்க" என்றார். பிடித்த கையோடு, ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் சாய்ந்து சாய்ந்து படியிறங்கினான். பின்னால் நாங்கள் எல்லாரும். நான் வாயில் ஒரு துணியைக் கவ்விக்கொண்டு.

வாசலில் இரண்டு ஷிப்ட்டும் கூடியிருந்தது. செய்தி எங்களுக்கு முன்னால் படியிறங்கிவிட்டது என்பது அவர்கள் விலகி நின்ற அழகிலேயே தெரிந்தது. உள்ளே நடந்ததைக் காதில் வாங்காதவன் அந்த முற்றத்தில் ஒருவன்கூட இல்லை. வாட்ச்மேன்கூடத் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு பின்னால் போனான்.

வண்டியின் பின்கதவு திறந்தது. இளையவர் அட்டையில் காகிதத்தைச் செருகிப் பேனாவை எடுத்தார்.

"நீங்க யாரு இவருக்கு?"

"அடிச்சவன்" என்றான் சம்மட்டி. பேனா நின்றது. "மச்சான். இவன் பொண்டாட்டிக்கு அண்ணன்."

இளையவர் எதை எழுதினார் என்று தெரியவில்லை.

"வேற நோய் ஏதாச்சும் இருக்கா இவருக்கு? தெனமும் மாத்திரை ஏதாச்சும் சாப்பிடுறாரா?"

பஞ்சு ஸ்ட்ரெச்சரில் தலையைத் திருப்பினான். அவன் உதடு அந்த வாக்கியத்துக்குத் தயாரானது.

சம்மட்டி மெல்ல நிமிர்ந்து, சுற்றி நின்ற எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். ரம்பக்காரர்கள், பேக்கிங் பெண்கள், வாயாடி, நான், நாற்காலியோடு வாட்ச்மேன். அப்புறம் இளையவர் பக்கம் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொல்ல நினைத்தான் போல. ஆனால் பிறவிக் குரல் அவனுக்கு அது ஒன்றுதான். எல்லாருக்கும் கேட்டது.

"வண்டிக்குள்ள வந்து சொல்றேன். இங்க ஆளுங்க நிக்கிறாங்க."